ஒரே பக்கம் விலகிய நிறம்

கீழ்வானின் கருமை மெல்லக் கரைந்து சாம்பலாய், சாம்பல் வெளுத்துப் பொன்னாய் மாறிக்கொண்டிருந்த பொழுது அது. ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், அதன் முழங்கைமேல் தலைசாய்த்துப் படுத்தாற்போல் நீண்டு கிடந்த அச்சறைத் தெருவில், சாயக் கொப்பரைகளின் அடியிலிருந்து எழுந்த முதற்புகை, காற்றில்லாமையால் போகுமிடம் அறியாது கூரைகளின் மேலேயே தங்கி நின்றது. தெருவின் இரு ஓரத்து வடிகால்களுள் ஒன்றில் செந்நீரும் மற்றொன்றில் நீலநீரும், முன்னாள் உழைப்பின் எச்சமாய், பேச்சுவார்த்தை இல்லாத உடன்பிறப்புகளைப்போல் ஒதுங்கி ஒதுங்கி ஓடி, ஆற்றருகே வேறு வழியின்றி ஒன்றாகிக் கருத்தன. துறையிலே கல்மேல் துணியை ஓங்கி அறையும் ஒலி ஒன்றாய், இரண்டாய், பத்தாய் வளர்ந்தது. படிப்பவரே, நீவிர் உடுத்தியிருக்கும் ஆடையில் ஒரு பூவேனும் இருக்குமாயின், அது இப்படிப்பட்ட ஒரு தெருவில், உம்மை ஒருபோதும் காணாத ஒரு தோளின் வலியிலிருந்து பூத்ததென்று கொள்க.

அத்தெருவின் நடுவில் நின்ற, துணிக்கு அச்சிடும் பெரிய அச்சறையில் பலகைகள் மூன்று இருந்தன. ஒவ்வொன்றும் பன்னிரண்டு முழ நீளமுடையது; மேலே சாக்கும் கம்பளியும் அடுக்கடுக்காய் இழுத்துக் கட்டப்பட்டு, அடிக்கும் அடியை வாங்கிக்கொள்ளுமாறு மெத்தென்று ஆக்கப்பட்டது. வெண்துணியானது முதற்பலகையில் விரிந்து, கருங்கோட்டால் உருவமும் அக்கோட்டினுள் செந்நிறமும் பெறும். இரண்டாம் பலகையில் உருவத்தைச் சூழ்ந்த வெளியெங்கும் மஞ்சள் பெறும். மூன்றாம் பலகையில் ஓரமெங்கும் கரைப்புள்ளி பெற்று ஆற்றுத்துறைக்குப் போகும். மூன்றும் மரமே எனினும், முதற்பலகை மரம் மட்டுமன்று. அங்கே நிற்பவரைத் தெரு முழுவதும் கோட்டுக்காரர் என்றே அழைக்கும். அவர் நுழைந்தால் மற்றவர் சற்றே விலகி வழிவிடுவர். அவர் கை துடைக்கும் துணியை வேறொருவர் தொடார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவ்விடத்தில் நின்று, நின்று, கால் நரம்புகள் கொடிபோல் புடைத்து, வலது உள்ளங்கையின் அடிப்பகுதி காய்த்துக் கொம்புபோல் ஆகிவிட்ட ஐம்பது அகவையினர் ஒருவரே இக்கதைக்குரியவர்.

அவ்வாண்டு வேனில் தொடங்குகையில், தொலைவூர் மாளிகை ஒன்றின் பேரவைச் சுவர்களை மூடுவதற்கென நாற்பது நெடுந்திரைகள் வேண்டப்பட்டன. கொடியில் அமர்ந்து கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் பறவையே அவற்றின் உருவம். அதற்கான இரு புது அச்சுகளை, அதாவது கோட்டச்சு ஒன்றையும் நிறமச்சு ஒன்றையும், வெட்டிக் கொடுத்தவர் கோட்டுக்காரருடைய மனைவியின் அண்ணனாகிய மைத்துனர். மயிரிழையையும் மரத்தில் நிறுத்தவல்ல உளியுடையார் என்று பெயர் பெற்றவர். கோட்டச்சைச் சாய மெத்தையில் ஒற்றி, அதன் மூலையிலுள்ள குறியாணியைத் துணியிலிட்ட குறியின்மேல் பொருத்தி, உள்ளங்கையின் அடியால் இருமுறை குத்தி எடுத்தால் பறவை பிறக்கும். பின்னர் நிறமச்சை அதே குறியில் அமர்த்திக் குத்தி எடுத்தால் அதற்குக் குருதி ஓடும். ஆயிரம் முறை செய்தாலும் ஒன்றுபோலவே விழவேண்டும் என்பது மட்டுமே அத்தொழிலின் அறம்.

முற்பகல் முழுதும் அவ்வாறே விழுந்தது. உச்சிப்பொழுது கடந்ததும் விழவில்லை. செந்நிறம் பறவையின் அலகை, தச்சர் அளவில் அரை நூல் தாண்டி வழிந்தது. உச்சந்தலையிலோ அரை நூல் எட்டாமல் வெண்கீற்று ஒன்றை விட்டது. கோட்டுக்காரர் மூச்சை அடக்கினார். குறியைத் துடைத்துத் துடைத்து மறுபடி இட்டார். துணியின் இழுப்பைச் சரிபார்த்தார். பறவைகள் அவரைக் கேலி செய்வனபோல் வரிசை வரிசையாய் வழிந்துகொண்டே போயின.

கண்காணி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார்.

"என்னய்யா இது? பறவைக்கு மூக்குல ரத்தம் வருது. மண்டையில வேற நரைச்சிருக்கு, உனக்கு மாதிரியே!"

இரண்டாம் பலகையிலும் மூன்றாம் பலகையிலும் சிரிப்பெழுந்து அடங்கியது.

"கட்டையில ஏதோ இருக்குங்க. பழைய அச்செல்லாம் இப்படிப் போகலியே."

"பழைய அச்சுல கோடு தடிப்பு, தப்பு வெளிய தெரியாது. இது மெல்லிசு, காட்டிக் கொடுக்குது."

இங்கே அத்தெருவின் கட்டுப்பாடு ஒன்றை உரைத்தல் வேண்டும். அச்சு வெட்டுவோர் உடலெங்கும் மரத்தூள் படிந்தவர். அத்தூள் ஈரச்சாயத்தில் ஒரு துகள் விழுந்தாலும் துணியில் கரும்புள்ளியாய் மலரும். ஆகவே வேலை நடக்கும் பொழுதில் அவர்கள் அச்சறை வாயிலை மிதிக்கலாகாது. அவ்வாறே சாயம் தோய்ந்த அச்சும் அறையைவிட்டு வெளியேறலாகாது. மாலையில் கழுவி, எண்ணெய் பூசி, காற்றாடும் தட்டில் அடுக்கி, விடியலில் உலர்ந்தபின்னரே பிறர் கைக்குப் போகலாம். இரு கட்டுப்பாடும் நல்லவையே. நெடுநாள் பட்டறிவால் விளைந்தவையே. அந்த இரண்டு நல்லவற்றுக்கும் இடையில்தான் கோட்டுக்காரர் நசுங்கினார்.

மறுநாள் விடியலில் மைத்துனர் குளித்து, வெள்ளை உடுத்து, அச்சறைக்கு வந்தார்.

"எங்க மாப்ள, அச்சுல புகுந்த உங்க பேயைக் காட்டுங்க, பாப்போம்."

உலர்ந்த அச்சுகளைத் தட்டிலிருந்து எடுத்து, பழந்துணியில் கோட்டை இட்டு, நிறத்தை இட்டார் கோட்டுக்காரர். கோட்டுக்குள் நிறம், கண்ணுக்குள் பாவைபோல் அடங்கியிருந்தது.

"மை தீட்டின மாதிரி இருக்கு. இதுலயா குறை கண்டீங்க?"

"இப்ப இல்ல மச்சான். உச்சிக்கு மேலதான்."

"உச்சிக்கு மேல மரம் வேற மரமாயிடுமோ?"

கண்காணி இடையில் புகுந்தார். "அதைத்தான் நானும் கேக்கிறேன். காலையில சரி, சாயங்காலம் தப்பு. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் களைச்சுப் போறது எது? கட்டையா? கைதானேய்யா களைக்கும்?"

பொய்யான பழிக்கு மெய்போன்ற ஒரு விளக்கம் வாய்த்துவிடுமாயின், குற்றம் சாட்டப்பட்டவனே அதை அரைப்பங்கு நம்பத் தொடங்குவான். ஆறு விடியல்கள் மைத்துனர் வந்தார். ஆறு விடியல்களிலும் அச்சு நல்லபிள்ளையாய் நடந்துகொண்டது. ஆறு மாலைகளிலும் பறவைகள் வழிந்தன. ஏழாம் நாள் மைத்துனர் வரவில்லை. "எனக்கும் வேலை வெட்டி இருக்கு மாப்ள," என்று சொல்லியனுப்பினார்.

அன்று மாலை வீட்டில், கோட்டுக்காரர் அகன்ற கலம் ஒன்றில் விளிம்பு முட்ட நீர் நிரப்பி, அதனை வலக்கையில் ஏந்தி, கையை நேரே நீட்டி, சுவரைப் பார்த்தபடி நின்றார். தோள் கனத்தது; கழுத்து நரம்பு துடித்தது; நீர் மட்டும் அசையவில்லை.

துறையிலிருந்து திரும்பிய மனையாள் வாயிலில் நின்று பார்த்தாள். அவளும் அதே அச்சறைத் துணிகளை ஆற்றில் அலசும் தொழிலினள். நகக்கண்களில் சிவப்பு நீங்காதவள்.

"என்ன, சுவர் தண்ணி கேட்டுச்சா?"

"கை நடுங்குதான்னு பாக்கிறேன்."

"பாத்தாச்சுல்ல, கீழ வைங்க. சிந்தினா நீங்கதான் துடைக்கணும்."

நீர் சிந்தவில்லை எனினும் அவருக்கு ஆறுதல் பிறக்கவில்லை. கலம் வேறு, அச்சு வேறு அன்றோ? கலத்தைத் தாழ வைத்தவர், தம் கையை, வாங்கிய நாளிலிருந்தே ஐயத்துக்குரியதாயிருந்த ஒரு பழங்கருவியைப் பார்ப்பதுபோல் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனையாள் அதைக் கண்டாள். அடுப்பைப் பார்க்கப் போனாள். ஆனால் மறுநாள் மாலை அவள் வெறுங்கையுடன் வரவில்லை. கழிக்கப்பட்ட திரையொன்றை அலசிப் பிழிந்து தோளிலிட்டு வந்து, அதனைக் கூடத்தின் தரையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை விரித்தாள்.

"ஏங்க, இங்க வந்து உக்காருங்க. கை நடுங்கினா நிறம் எந்தப் பக்கம் போகும்?"

"எந்தப் பக்கம்னு சொல்ல முடியும்? அங்கயும் போகும், இங்கயும் போகும்."

"போகணும்ல? இதைப் பாருங்க. வழிஞ்ச பறவை நூறு எண்ணிட்டேன். அத்தனைக்கும் வலப்பக்கம்தான் வழிஞ்சிருக்கு. அத்தனைக்கும் மேலதான் நரை. இடப்பக்கம் ஒண்ணு? கீழ்ப்பக்கம் ஒண்ணு? கிடையாது. நடுங்குற கைக்கு இடம் வலம் பாத்து நடுங்கத் தெரியுமா?"

கோட்டுக்காரர் முழந்தாளிட்டு, துணியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஊர்ந்து சென்றார். காலையில் இட்ட முழங்களில் குறையில்லை. போகப்போக வலப்புறம் சிறிது, பின் பெரிது. மேற்புறம் சிறிது, பின் பெரிது. குறியாணி நின்ற இடக்கீழ் மூலையில் மட்டும் என்றும் எதுவுமில்லை. எட்டு நாளாய் நெஞ்சில் கிடந்த பாறை ஒன்று புரண்டது.

"அப்ப கட்டைதான்."

"கட்டைதான்," என்றாள் அவள். பின்பு, துணியின் ஓரத்தை விரலால் நீவியபடி, "எங்கண்ணன் வெட்டின கட்டைதான்," என்றாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில், பறவை வழியத் தொடங்கிய அக்கணமே, கோட்டுக்காரர் இரு அச்சுகளையும் ஈரத்தோடு எடுத்து முகத்துக்கு முகம் பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை. நிறமச்சு வலப்புறம் அரை நூல் நீண்டிருந்தது. கோட்டச்சு மேற்புறம் அரை நூல் ஓங்கியிருந்தது. கண்காணியோ முதலாளியைக் காணச் சென்றிருந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாக எந்தக் கட்டுப்பாட்டையும் மீறியறியாத அம்மனிதர், பலகையில் பாதி அச்சேறிய துணி விரிந்தது விரிந்தவாறே கிடக்க, இரண்டு ஈரக் கட்டைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு, சட்டை முழுதும் சிவக்கச் சிவக்கத் தெருவில் ஓடினார்.

மைத்துனர் வீட்டில் இல்லை. மரக்கடைக்குப் போயிருப்பதாகவும் இதோ வந்துவிடுவார் என்றும் அண்டைவீட்டார் கூறினர். இந்த 'இதோ' என்னும் சொல்லை நம்பி வாயிற்படியில் நின்றவர்களின் முதுகில்தான் வெயில் தன் முழு வன்மையையும் காட்டும். கோட்டுக்காரர் நின்றார், அனல்காற்று வீசியது, கட்டைகளிலிருந்த சாயம் முதலில் மங்கி, பின் உலர்ந்து, பின் மெல்லிய தோலாய் வெடித்தது. கையில் இருப்பது கணத்துக்குக் கணம் கரைந்து போவதை அவர் அறியவில்லை. அவர் அணைத்துக்கொண்டிருந்தது மரத்தையன்று, மரத்திலிருந்த ஈரத்தை. நெடுநேரம் கழித்து மைத்துனர் வந்து, இரு அச்சுகளையும் வாங்கி முகத்துக்கு முகம் வைத்தபோது, அவை ஒட்டிப் பிறந்த இரட்டையர்போல் பொருந்தின.

"எங்க மாப்ள தப்பு?"

"இருந்துச்சு மச்சான். இப்ப... இப்பத்தான் பாத்தேன். என் கண்ணால பாத்தேன்."

"வெயில் தலைக்கு ஏறிடுச்சு உங்களுக்கு. உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிங்க."

தண்ணீர் குடிக்கக் காலம் இருக்கவில்லை. வாயிலில், தேடிக்கொண்டு வந்த கண்காணி நின்றார். பலகைமேல் விடப்பட்ட துணியில் சாயம் இடைநின்று உலர்ந்து, நட்டநடுவே அழியாத அலைக்கோடு ஒன்று விழுந்துவிட்டிருந்தது.

"தப்பு போட்டே, பொறுத்தேன். இப்ப அச்சையே தூக்கிட்டு ஓடுறே. நாளையிலேருந்து மூணாம் பலகையில போய்ப் புள்ளி வை. இங்க நெட்டை நிக்கட்டும்."

நெட்டை என்பவன் இரண்டாம் பலகையில் நின்ற முப்பது அகவையினன், நல்லவன், தலைகுனிந்தபடியே முதற்பலகைக்கு ஏறினான். வெடித்த சாயத்தைச் சுரண்டித் தருவதாகச் சொல்லி மைத்துனர் இரு அச்சுகளையும் தம்மிடமே வைத்துக்கொண்டதால், சில நாள் அவன் வேறு உருவத் துணிகளையே அச்சிட்டான்.

அன்றைய மாலையில், கோட்டுக்காரர் அறியாத ஒன்று மைத்துனருடைய பட்டறையில் நிகழ்ந்தது. சிரித்து அனுப்பியவருக்குச் சிரிப்புக் கசந்தது. மாப்பிள்ளையின் சட்டையில் படிந்திருந்த சிவப்பும், 'என் கண்ணால பாத்தேன்' என்றபோது உடைந்த குரலும் உளியின் ஓசைக்கு மேலாகக் கேட்டுக்கொண்டேயிருந்தன. மூலையில் கிடந்த கழிவுத் துண்டுகளுள், அவ்விரு அச்சுகளுக்கும் வெட்டியது போக எஞ்சிய இரண்டைத் தேடியெடுத்து, அளந்து, நீர்க்கலத்தில் இட்டார். மறுநாள் எடுத்து அளந்தார். ஒன்று அகலத்தில் பெருத்திருந்தது, மற்றொன்று நீளத்தில். அப்போதுதான் நினைவு வந்தது: இரண்டாம் அச்சுக்கு மரம் நீளம் போதாமற்போக, தச்சர் பலரும் அவசரத்தில் செய்வதுபோல், கட்டையைக் குறுக்கே திருப்பி வெட்டியிருந்தார். ஒன்றில் மரத்தின் நார் நெடுக ஓடியது. மற்றொன்றில் குறுக்கே ஓடியது. உலர்ந்திருக்கும்வரை இரண்டும் உடன்பட்டன. சாயம் குடிக்கக் குடிக்க, ஒன்று ஒரு திசையிலும் மற்றொன்று வேறு திசையிலும் ஊதின. மைத்துனர் நல்ல நெடுமரம் ஒன்றைத் தெரிந்தெடுத்து, இரண்டு பகலில் நிறமச்சைப் புதிதாய் வெட்டினார். பழையதன் முகத்தை இழைப்புளியால் சீவித் தள்ளினார். சுருள் சுருளாய்ச் செந்நிறச் சீவல்கள் காலடியில் விழுந்தன; அவையும் மிஞ்சிய கட்டையும் அடுப்புக்குப் போயின.

புதிய அச்சோடு நெட்டையன் நின்ற முதல் நாள், உச்சி கடந்தது, நிறம் வழியவில்லை. மாலை சாய்ந்தது, நரை தோன்றவில்லை. "பாத்தீங்களா, கைதான்!" என்று அறையெங்கும் பேச்சு. மூன்றாம் பலகையிலிருந்த கோட்டுக்காரர், கழுவிவைத்த நிறமச்சைத் தாண்டிப் போகையில், அதன் முதுகைப் பார்த்துவிட்டார். பழைய அச்சின் முதுகு சாயத்திலும் எண்ணெயிலும் ஊறிக் கறுத்திருந்தது. இதுவோ வெளிறிய புதுமரம். நார் நெடுகலாய் ஓடியது. கோட்டச்சின் முதுகை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், அங்கும் நெடுகல். எல்லாம் விளங்கிற்று. விளக்கம் வந்த பொழுது, விளக்கப்பட வேண்டிய பொருள் சீவலாய் எரிந்து போயிருந்தது.

மறுநாள் விடியலில் மைத்துனர் அச்சறைக்கு வந்தபோது, கோட்டுக்காரர் வடிகாலின் அருகே அவரை நிறுத்தினார்.

"நார் குறுக்க இருந்துச்சு. அதானே மச்சான்?"

மைத்துனர் நாற்புறமும் பார்த்தார். "சரியாயிடுச்சுல்ல மாப்ள. விடுங்களேன்."

"துணிக்குச் சரியாச்சு. எனக்கு?"

"நாரைப் பாக்காம கோட்டை விட்டவன்னு பேர் வந்தா என்கிட்ட எவன் அச்சு வெட்டச் சொல்லுவான்? உங்களுக்கு மூணாம் பலகையாவது இருக்கு. எனக்கு இந்த உளி ஒண்ணுதானே?"

இதைக் கேட்டபின்பும் கோட்டுக்காரர் அவரை இழுத்துக்கொண்டு உள்ளே சென்றார் என்பதை மறைப்பதற்கில்லை. மனையாள் கொணர்ந்த திரையைக் கண்காணியின் முன் விரித்தார், வலப்புறம் காட்டினார், மேற்புறம் காட்டினார், அகவையும் அடக்கமும் மறந்து குரலை உயர்த்தினார்.

"ஒரே பக்கம் பாருங்க! இது கை பண்ற வேலையா? கட்டை ஊதியிருக்குங்க! இவரையே கேளுங்க!"

கண்காணி மைத்துனரைப் பார்த்தார். "என்னங்க, கட்டையில குறை இருந்துச்சா?"

முதற்பலகையில் நெட்டையன் கை நின்றது.

"ஓரம் கொஞ்சம் தேஞ்சிருந்துச்சு," என்றார் மைத்துனர், தம் பாதங்களை நோக்கி. "அதான் மாத்திக் கொடுத்தேன். அவ்வளவுதான்."

"அப்ப சரி. இப்ப நல்லா வருதுல்ல? முதலாளியும் பாத்துட்டார், அவருக்கும் மகிழ்ச்சி. அப்புறம் எதுக்குய்யா பழசைக் கிளறிட்டு? போ, போய்ப் புள்ளியை வை."

மாலையில் இதனைக் கேட்ட மனையாள், "எங்கண்ணன் அப்படியா சொன்னான்?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். பின் அந்தத் திரையை நான்காய், எட்டாய், பதினாறாய் மடித்து, மடிப்பின்மேல் கையை ஊன்றி, எழுந்திராமல் இருந்தாள். தன் கணவனைத் தூயவனென்று காட்டிய அதே கண்கள் தன் உடன்பிறந்தானையும் காட்டிவிட்டன; இனி எதைக் காணாதிருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாட்கள் சென்றன. நெட்டையன் இட்ட பறவைகள் இரண்டாம் பலகையைக் கடந்து மூன்றாம் பலகைக்கு வரும். அவற்றின் கோட்டிலிருந்து இரண்டு நூல் தள்ளிக் கரைப்புள்ளி விழவேண்டும். அரை நூல் நெருங்கினாலும், பறவையே சாய்ந்திருப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும். பழி புள்ளிக்கு வாராது, கோட்டுக்கே போகும். இதனை அவ்வறையில் கோட்டுக்காரரைவிட நன்கறிந்தவர் இல்லை. முப்பத்தொன்பதாம் திரை தம்முன் விரிந்த நாளில், அடக்கி வைத்த சினம் முழுதும் தோளுக்கு இறங்கி, முழங்கைக்கு இறங்கி, மணிக்கட்டில் வந்து நின்றது. யாரும் பார்க்கவில்லை. அரை நூல் போதும். அச்சைத் தூக்கினார், நெருக்கி வைக்கவே தூக்கினார்.

அது இரண்டு நூலில் போய் விழுந்தது. மறுபடி தூக்கினார். மறுபடியும் இரண்டு நூல். அவர் நெஞ்சு ஒன்றைச் சொல்ல, இருபத்திரண்டு ஆண்டுகள் காய்த்த கை அதனைக் கேளாததுபோல் தன் வழியே போய், புள்ளிக்குப் புள்ளி, முழத்துக்கு முழம், துணியின் கடைமுனைவரை பிசகாமல் நடந்து நின்றது.

கண்காணி வந்து கரையோரம் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து முதற்பலகைப் பக்கம் திரும்பி, "நெட்டை, பிரமாதம்டா! மேல சரியா இருந்தா கடைசி வரைக்கும் சரியா வரும்!" என்றார்.

நெட்டையன் சிரிக்கவில்லை. மூன்றாம் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினான்.

சொல்லி நிலைநாட்ட இயலாத மெய்கள் இவ்வுலகில் எத்தனையோ உள. ஊரார் தீர்ப்பு ஒன்றாகவும் ஒருவன் கை அறிந்தது வேறொன்றாகவும் இருக்க, இரண்டுக்கும் நடுவே நின்றுதான் பலர் தம் நாளைக் கழிக்கின்றனர். கோட்டுக்காரர் என்று இனி எவரும் அழையாத அம்மனிதர், நெற்றி வியர்வையைப் புறங்கையால் வழித்துவிட்டு, நாற்பதாம் திரையை இழுத்து விரித்தார்.